நிறைஞ்சிருக்கு

இரவு சாப்பிட்டு, பல் தேய்த்து, அலாரம் வைத்த பிறகு, தூங்குவதற்கு முன்னால் நான் செய்யும் கடைசி வேலை ஒன்று இருந்தது. போனில் ஒரு ஆப்பைத் திறந்து ஒரு எண்ணைப் பார்ப்பது. 74 என்றால் தூக்கம் வரும். 58 என்றால் வராது.

நான் இருப்பது சென்னையில். எண் வருவது பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் காட்டிலிருந்து. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற புஞ்சை நிலம். அதன் நடுவில் இரண்டு அறை வீடு. வீட்டில் அம்மா மட்டும். அப்பா போன பிறகு ஊருக்குள் சித்தப்பா வீட்டோடு வந்துவிடச் சொன்னோம். நான் சென்னைக்குக் கூப்பிட்டேன். "மாடு கெடக்கு, பட்டறையில வெங்காயம் கெடக்கு, நான் எங்க வர்றது" என்று முடித்துவிட்டாள்.

காட்டு வீட்டுக்கு வீட்டுக் கரண்ட் கிடையாது. கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு உண்டு, அது இலவசம். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஒரு ஃபேனை ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அது மோட்டாருக்குக் குடுத்தது" என்றாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. ஆகவே சோலார். கூரைமேல் இரண்டு பேனல், உள்ளே ஒரு இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று. மூன்று விளக்கு, ஒரு சீலிங் ஃபேன், ஒரு மிக்ஸி, போன் சார்ஜர். இன்வெர்ட்டரோடு சிம் போட்ட ஒரு சின்ன டப்பாவையும் மாட்டினேன். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என் போனுக்குச் சொல்லும்.

இதற்குப் பெயர் அக்கறை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

*

முதலில், அந்த எண் எங்கிருந்து வருகிறது? தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தால் மட்டம் தெரியும். பேட்டரியில் அப்படி ஏறி இறங்குகிற எதுவும் இல்லை. உள்ளே ஈயத் தகடுகள், கந்தக அமிலம். கரண்ட் எடுக்க எடுக்க அமிலத்தின் சல்பேட் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், அமிலம் நீர்த்துப்போகும். வெயிலில் சார்ஜ் ஏறும்போது அது தகட்டை விட்டுத் திரும்பி வரும். 1859-ல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்ததும் அடிப்படையில் இதே பேட்டரிதான். மிச்சம் எவ்வளவு என்று நேராகப் பார்க்க வழியில்லை. வேறு எதையாவது அளந்து ஊகிக்க வேண்டும். என் ஆப் வோல்ட்டேஜை அளந்து ஊகித்தது.

ஓய்வில் இருக்கும்போது இந்தப் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 பக்கம் வந்தால் காலி. ஓய்வில் என்பதுதான் இதில் முக்கியம். உச்சி வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதே பேட்டரி 14-க்கு மேல் காட்டும். மிக்ஸி போட்டால் சட்டென்று 12-க்குக் கீழே இறங்கும். நிறுத்தினால் மெல்ல ஏறி வரும். இத்தனைக்கும் உள்ளே இருப்பில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்காது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அது தன் அளவைச் சரியாகச் சொல்லாது. இரண்டையும் நிறுத்திச் சில மணி நேரம் சும்மா விட்டால்தான் சொல்லும்.

இது எனக்குத் தெரியாத நாட்களில், ஒரு சாயங்காலம் ஏழரைக்கு எண் 70-லிருந்து 41-க்கு விழுந்தது. பதறிக் கூப்பிட்டேன்.

"என்னம்மா போட்ட?"

"சட்னி அரைச்சேன்."

"ராத்திரி நேரத்துல மிக்ஸி போடாதன்னு சொன்னேன்ல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி தம்பி, இனிமே அம்மியில அரைச்சுக்குறேன்."

போனை வைப்பதற்குள் எண் 67-க்கு வந்துவிட்டது. நான் மறுபடி கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அறுபது வயதுப் பெண்ணிடம் சட்னிக்குக் கணக்குக் கேட்டிருக்கிறோம் என்பதே அன்றைக்கு உறைக்கவில்லை.

அரியலூரில் பேட்டரிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் லாரிகளின் பேட்டரிகள்தான் அவர் கடை வாசலில் எப்போதும் வரிசையாக நிற்கும். ஆப்பைக் காட்டினேன். சிரித்தார். "வோல்ட்ட மட்டும் பாத்து நம்பாதீங்க தம்பி. செத்த பேட்டரிகூட சும்மா கெடக்கையில பன்னெண்டரை காட்டும். லோடு போட்டுப் பாக்கணும். அப்பத்தான் தெரியும்." பிறகு ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒரு செல்லின் அமிலத்தை உறிஞ்சிக் காட்டினார். இன்வெர்ட்டர் பேட்டரியில் கிராவிட்டி 1240 பக்கம் நின்றால் நல்ல சார்ஜ். இறங்க இறங்க மிச்சம் குறைவு. இந்த அளவை ஓரளவு நம்பலாம். ஆனால் அதற்குப் பேட்டரி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், ஒவ்வொரு செல்லாகத் திறக்க வேண்டும், அமிலம் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது போனில் வராது.

இன்னொன்றும் சொன்னார். 150 ஏ.எச். என்று எழுதியிருப்பது இருபது மணி நேரத்துக்குப் பரப்பி மெதுவாக எடுத்தால் கிடைப்பது. அவசரமாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. 1897-லேயே பொய்கெர்ட் என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவிட்டார் என்று பின்னால் படித்தேன். ஆக, 'எவ்வளவு இருக்கு?' என்று மட்டும் கேட்டால் பேட்டரியிடம் பதில் இல்லை. 'எவ்வளவு வேகமா வேணும்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது வருகிற லித்தியம் பேட்டரிகளில் இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் பெரும்பகுதி நேரம் வோல்ட்டேஜ் ஒரே மாதிரி நிற்கும். 80-க்கும் 40-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் இரண்டையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறார்கள். கணக்கில் சின்னச் சின்னப் பிழை சேரும். அவ்வப்போது முழுக்க ஏற்றி, கணக்கை மறுபடி 100-லிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பேட்டரியாக இருந்தாலும் திரையில் வரும் எண் ஒரு ஊகம்.

*

இதெல்லாம் தெரிந்தபிறகு நான் திருந்தியிருக்க வேண்டும். இன்னும் கறாரானேன். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி ஆழமாக இறக்கினால் ஆயுள் குறையும் என்று படித்தேன். அது உண்மைதான். பாதிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வது பொதுவான வழக்கம். நான் பத்து சேர்த்து 60 என்று கோடு போட்டேன். காலையில் எண் அதற்குக் கீழே இருந்தால் ஒரு போன். "ராத்திரி பூரா ஃபேன் ஓடுச்சாம்மா?" திட்டுகிற குரல்கூட இல்லை. விசாரிக்கிற குரல்தான்.

மார்ச் மாதத்திலிருந்து எண் நன்றாக வந்தது. விடியற்காலையில் 85, 88, 91. அம்மா பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். அலுவலக நண்பனிடம் ஆப்பைக் காட்டிப் பெருமையாகக்கூடப் பேசினேன்.

மே மாதம் சொல்லாமல் ஊருக்குப் போனேன். ரயில் விடிவதற்கு முன்பே அரியலூரில் இறக்கிவிட்டது. முதல் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து, இன்னொரு பஸ் மாறி, காட்டுக்குள் நடக்கும்போது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் மே மாத வெயில் நாற்பது டிகிரி போகும். இரவிலும் சுவரும் தரையும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அம்மா வாசல் சிமெண்ட் திண்ணையில் ஈரத்துண்டை விரித்து அதன்மேல் படுத்திருந்தாள். தலைமாட்டில் பனையோலை விசிறி. கொசுவுக்கு மூட்டிய வேப்பிலைப் புகை அணைந்து சாம்பலாகியிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபேன் நின்றிருந்தது.

"ஏம்மா வெளிய படுத்திருக்க?"

"காத்து வருது சாமி."

காற்று இல்லை. முருங்கை இலைகூட அசையவில்லை.

எழுந்து கூந்தலை முடிந்துகொண்டு அவள் கேட்டது இதைத்தான்: "உன் போன்ல எவ்வளவு காட்டுது?"

எடுத்துப் பார்த்தேன். 91.

"நல்லா இருக்குல்ல?" என்றாள். பரீட்சையில் மார்க் வாங்கி வந்த பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

இரண்டு மாதமாக அந்தப் பெண் இரவில் ஃபேன் போடவில்லை. பேட்டரி குறைந்தால் பிள்ளை தூங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிகளில் அவள் வேர்த்துக் கிடந்திருக்கிறாள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஏ.எச்., மொத்தம் 1800 வாட் மணி. பாதியை மட்டும் எடுத்தாலும் 900. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இன்வெர்ட்டரில் போகிற நஷ்டத்தைக் கழித்தால்கூட ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடும். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடட்டும் என்றுதான் அந்தப் பேட்டரியையே வாங்கினேன்.

*

எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்ல மாட்டார்கள். பானையில் கை விட்டால் அடி தட்டும், ஆனாலும் "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்" என்பார்கள். விளக்கையும் அணைப்பதில்லை, அமர்த்துவார்கள். இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விடக்கூடாது என்ற எண்ணம். சின்ன வயதில் இது எனக்குக் குழப்பமாக இருக்கும். நிறைந்திருந்தால் எதற்குக் கடைக்குப் போகச் சொல்கிறார்கள்? பிறகு பழகிவிடும். அம்மா எந்தக் குரலில், எந்த முகத்தோடு சொல்கிறாள் என்பதில் இருக்கிறது அர்த்தம். பக்கத்தில் இருப்பவனுக்குப் புரியும்.

போனில் தினமும் பேசும்போது அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேட்டரி எப்படிம்மா?" "நிறைஞ்சிருக்கு." இரண்டு அர்த்தத்திலும் சொல்லியிருக்கலாம். எனக்கு எண் கையில் இருந்ததால் குரலைக் கேட்கவில்லை.

எண் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் என்னை அதிகம் படுத்தியது. 91 என்பது 91-தான். ராத்திரி முழுக்க எந்த லோடும் இல்லாமல் ஓய்வில் இருந்த பேட்டரி. சொல்லப்போனால் அந்த ஆப் காட்டியதிலேயே மிகத் துல்லியமான எண்கள் அந்த இரண்டு மாத எண்களாகத்தான் இருந்திருக்கும். நான் பேட்டரியைப் பற்றிக் கேட்டேன், பேட்டரியைப் பற்றிப் பதில் வந்தது. அதை அம்மாவைப் பற்றிய பதிலாக நான் எடுத்துக்கொண்டேன்.

1975-ஆம் ஆண்டு இது தொடர்பாக இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பணக் கொள்கை பற்றிய ஒரு கட்டுரையில் சொன்ன விஷயம். பின்னாளில் அது குட்ஹார்ட் விதி என்று பேர் பெற்றது: ஒரு அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும். பள்ளியில் தேர்ச்சி விகிதம் இலக்கானால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, அதே ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளிவந்த மிஷெல் ஃபூக்கோவின் சிறைச்சாலை பற்றிய புத்தகம். 1791-ல் ஜெரமி பெந்தம் வெளியிட்ட வட்ட வடிவச் சிறையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணமே மனிதனைத் தானாக ஒழுங்கில் நிற்க வைக்கிறது என்று அவர் காட்டினார்.

இரண்டுமே எங்கள் காட்டு வீட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் முழுக்கப் பொருந்தவில்லை. தேர்ச்சி விகிதத்தைத் திருத்துகிறவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் திருத்துகிறார். பெந்தமின் சிறையில் இருப்பவன் காவலுக்குப் பயந்து ஒழுங்காக இருக்கிறான். அம்மாவுக்கு என்னிடம் பயம் இல்லை. அவளுக்கு அதில் லாபமும் இல்லை. பாசத்தில் செய்தாள். பயத்தில் அடங்கியிருப்பவருக்கு உள்ளுக்குள் ஒரு எதிர்ப்பாவது இருக்கும், என்றாவது ஒருநாள் வெளியே வரும். பாசத்தில் அடங்கியிருப்பவர் அதை அடக்கம் என்றே நினைக்க மாட்டார். அதனால்தான் பிள்ளைகள் பெற்றவர்களைப் பார்ப்பதும், பெற்றவர்கள் பிள்ளைகளின் லொக்கேஷனைப் பார்ப்பதும், காதலர்கள் ஒருவர் போனில் ஒருவர் 'லாஸ்ட் சீன்' பார்ப்பதும் எந்தச் சண்டையும் இல்லாமல் வருடக்கணக்கில் நடக்கிறது.

*

அப்படியானால் பார்க்காமலே விட்டுவிடலாமா? அதுவும் சரியில்லை என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே சாட்சி உண்டு. 2011-ல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடியில் வீடு, அதில் ஐந்து சோலார் விளக்கு. சித்தப்பாவுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளெல்லாம் கரண்ட் போய்ப்போய் வந்த காலத்தில் தெருவில் எங்கள் சித்தப்பா வீட்டில் மட்டும் வெளிச்சம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படிப்பார்கள். ஆனால் பேட்டரிப் பெட்டியை நாங்கள் யாரும் ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. எரிகிறவரை எரியட்டும் என்று விட்டோம். ஒருநாள் மங்கியது, பிறகு நின்றது. பேனல் இன்றும் கூரையில் இருக்கிறது. அதன்மேல் சித்தி வடகம் காயப்போடுகிறாள்.

லெட் ஆசிட் பேட்டரி கவனிப்பு கேட்கிற பொருள். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மாதம் ஒருமுறையாவது மிதவையைப் பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் தகடு வெளியே தெரிந்து கெட்டுப்போகும். ஆக, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மூடியைத் திறந்து பார்க்கிறவன் தண்ணீர்க் கேனோடு வருகிறான். குறைந்திருந்தால் அங்கேயே ஊற்றுகிறான். நான் வெறும் கையோடு பார்த்தேன். எண் குறைந்தபோதெல்லாம் அந்தக் குறையை அம்மாவின் பக்கம் தள்ளினேன். "ஏம்மா குறைஞ்சிருக்கு?" என்று கேட்பதன் அர்த்தம், 'நீ குறைச்சுக்கோ' என்பதுதான்.

ஒருவரின் நிலையை அறிந்துகொள்வது தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அறிந்த பிறகு அந்தச் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதில்தான் இருக்கிறது. பார்க்கிறவர் ஏற்றுக்கொண்டால் அக்கறை. பார்க்கப்படுகிறவர் தலையிலேயே திரும்ப ஏறினால், என்ன குரலில் விசாரித்தாலும் அது அதிகாரம்தான்.

யாருக்குத் தெரிகிறது என்பதும் ஒரு கேள்வி. ஏரிப் பாசனத்தில் மிச்சம் எவ்வளவு என்பது ரகசியமில்லை. அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி, இன்றைய பொன்னேரி, இருக்கிறது. அவ்வளவு பெரிய ஏரியானாலும் எங்கள் ஊர்ச் சின்ன ஏரியானாலும் கரைமேல் ஏறி நின்றால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிவதால்தான் முறை வைத்துப் பாய்ச்சுவது பற்றிப் பேச முடியும், சண்டை போட முடியும், ஒத்துப்போக முடியும். எங்கள் வீட்டில் பேட்டரியோடு வாழ்கிறவளுக்கு அளவு தெரியாது. அதில் ஒரு விளக்குகூடப் போடாதவனுக்குத் தெரியும். அவள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "உன் போன்ல எவ்வளவு காட்டுது?"

*

நான் செய்தவை பெரிய காரியங்கள் இல்லை. அன்றைக்கே பெரம்பலூர் போய் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். 30 வாட் அளவில் ஓடும், பழையதில் பாதிகூட இல்லை. மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பல மாதமாகப் போன் செய்து அம்மாவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதை அந்த ஃபேன் ஒரு மதியத்தில் முடித்துவிட்டது. குறையைப் பார்த்த முதல் வாரமே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எனக்கு எண் மட்டும்தான் தெரிந்தது.

சமையலறைச் சுவரில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் மாட்டினேன். அம்மா எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். ஃபேனை நிறுத்தி மாட்டுத்தொழுவம் கூட்டி முடித்து வந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்த்தால் பேட்டரி ஓரளவு ஓய்வில் இருக்கும். "12.2 வரைக்கும் கவலையே படாத" என்றேன். அவள் அடுப்புக்கரியால் சுவரில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டாள். எதற்கு அந்தக் கோடு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவுமில்லை.

கிளம்பும்போது சிம் டப்பாவைக் கழற்றப் போனேன். அம்மா தடுத்தாள்.

"ஏன் கழட்டுற? இருக்கட்டும்."

"நான் பாக்குறது உனக்குக் கஷ்டமா இல்லையா?"

யோசித்தாள். "நீ பாக்குற, சரி. பாத்துட்டுப் போ. போன் பண்ணா பேட்டரியப் பத்தி கேக்காத. மாட்டப் பத்தி கேளு, மழையப் பத்தி கேளு."

நவம்பரில் ஒரு ராத்திரி எண் வரவே இல்லை. மழைக்காலம். பதினோரு மணிக்குச் சித்தப்பாவை எழுப்பி, குடையும் டார்ச்சுமாகக் காட்டுக்கு அனுப்பினேன். அவர் போய்ப் பார்த்தபோது அம்மா போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ண நான் மறந்திருந்தேன். "உன் பேட்டரியப் பாரு மொதல்ல" என்று சித்தப்பா திட்டினார். அம்மா மட்டும் மறுநாள் சொன்னாள்: "மழையில வந்த மனுசனுக்கு டீ போட்டுக் குடுத்தேன். ரொம்ப நேரம் பேசிட்டுருந்தோம். உங்கப்பாவப் பத்தி."

இப்போதும் பார்க்கிறேன். பழக்கம் விடவில்லை. நேற்று ராத்திரி 63, இன்று காலை 54. அப்படியென்றால் ஃபேன் விடிய விடிய ஓடியிருக்கிறது. எட்டு மணிக்குக் கூப்பிட்டு மாட்டைப் பற்றிக் கேட்டேன். சினையாக இருக்கிறதாம். பேசிக்கொண்டே இருந்துவிட்டு அவளாகவே சொன்னாள்: "அரிசி நிறைஞ்சிருக்கு தம்பி."

"சரிம்மா, சித்தப்பாகிட்ட வாங்கித்தரச் சொல்றேன்" என்றேன்.